ஜிம் கார்பெட் உயிரைக் காத்த லேசான ரைஃபிள்: எடையா, சக்தியா?

1930 ஏப்ரல் 11. இமயமலை அடிவாரத்தின் குமாவூன் பகுதி. காலா ஆகர் என்ற மலைக் கிராமத்துக்குக் கீழே ஒரு வறண்ட ஓடை. 54 வயது மனிதர் ஒருவர் பாறையிலிருந்து மெதுவாக இறங்குகிறார். இடது கையில் இரண்டு முட்டைகள். பக்கிக் குருவியின் முட்டைகள். வழியில் பார்த்தார், நிறமும் வடிவமும் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார். வலது கையில் ரைஃபிள். நெஞ்சுக்குக் குறுக்கே, சேஃப்டி விலக்கிய நிலையில்.

பெரிய பலகைப் பாறை ஒன்றைத் தாண்டி இரண்டடி வைத்தவர், வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டு அடி தூரத்தில் புலி. ஐந்து ஆண்டுகளில் 64 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் இருந்த சௌகர் ஆட்கொல்லி. பாயத் தயாராக மணலில் படுத்தபடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரச்சினை என்னவென்றால், ரைஃபிளின் வாய் புலிக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அதைப் புலி பக்கம் கொண்டுவர முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் புலி பாய்ந்துவிடும். மெதுவாகச் சுற்ற வேண்டும். அதுவும் ஒற்றைக் கையால்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். அந்த ரைஃபிள் எவ்வளவு எடை இருந்தது என்பதுதான் அடுத்த சில விநாடிகளைத் தீர்மானிக்கப் போகிறது.

யார் இந்த ஜிம் கார்பெட்?

பெயர் எல்லோருக்கும் தெரியும். உத்தராகண்டில் இருக்கும் புலிகள் காப்பகத்துக்கு அவர் பெயர்தான். டூர் போய் ஜீப் சஃபாரி செய்து இன்ஸ்டாவில் படம் போட்டவர்கள்கூட இருப்பீர்கள். ஆனால் அந்த மனிதர் யார் என்று கேட்டால், புலி சுட்ட வெள்ளைக்காரர் என்ற அளவில்தான் பலருக்கும் தெரிந்திருக்கும்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25-ல் நைனிடாலில் பிறந்தவர். அப்பா அங்கே போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், வசதி குறைவு. ஜிம்முக்கு ஆறு வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். குளிர்காலத்தில் குடும்பம் மலையிறங்கி காலாதுங்கி என்ற ஊருக்கு வந்துவிடும். வீட்டு வாசலைத் தாண்டினால் காடு. அந்தக் காடுதான் பையனுக்குப் பள்ளிக்கூடம். கவட்டை, உண்டிவில் என்று ஆரம்பித்தவனுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, குழலின் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல். அதிலும் வலது குழல் வெடித்துப் பிளந்து போயிருந்தது. பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். இடது குழலை மட்டும்தான் சுட முடியும்.

பத்து வயது வாக்கில் பள்ளி கேடட் படையில் சேர்ந்தான். அங்கே ராணுவத்தின் .450 மார்ட்டினி ரைஃபிளைக் கையாளும் வாய்ப்பு வந்தது. நாலு கிலோ பக்கம் கனம், தோளைக் கழற்றிவிடுகிற உதை. சிறுவனின் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆயுதம். ஆனாலும் தன் முதல் சிறுத்தையை அதால்தான் சுட்டான். உடம்புக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பொருத்தம் என்கிற விஷயம் அவருக்கு அந்த வயதிலேயே தோள்பட்டை வழியாகப் புரிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

படிப்பைத் தொடரக் காசில்லை. பதினேழு, பதினெட்டு வயதிலேயே ரயில்வே வேலை. பிறகு பீகாரின் மொகாமே காட் என்ற இடத்தில், கங்கையின் இக்கரையில் வரும் சரக்கை அக்கரைக்கு மாற்றி ஏற்றும் கான்ட்ராக்ட். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் பிழைப்பு. வேட்டை லீவு நாட்களில்தான். ஆட்கொல்லி வேட்டைக்கு அவர் சம்பளமோ சன்மானமோ வாங்கியதில்லை.

மூன்று தோட்டாக்கள்

1907. சம்பாவத் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண் புலி. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றுவிட்டு எல்லை தாண்டி வந்து, குமாவூனில் மேலும் 236 பேரைக் கொன்றிருந்தது. மொத்தம் 436. ஒரே விலங்கு. பெண்கள் விறகு பொறுக்கப் போக முடியவில்லை, வயலுக்குப் போக முடியவில்லை. ஊர்கள் பகலிலேயே கதவை அடைத்துக்கொண்டன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராமத்து ஆட்கள் ஏன் தாங்களே சுடவில்லை என்ற கேள்வி வரும். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு. அரிவாளும் கோடரியும் வைத்திருந்த மக்கள், ஒரு வெள்ளைக்காரர் வந்து சுடும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. கார்பெட் கதையை வீரக் கதையாக மட்டும் படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சம்பாவத்துக்கு கார்பெட் கொண்டுபோனது .500 போர் இரட்டைக் குழல் ரைஃபிள். பெரிய குண்டு, நல்ல கனம். தாசில்தார் உதவியோடு 298 கிராமவாசிகள் மலை உச்சியில் வரிசையாக நின்று கத்தி, தகரம் தட்டி, புலியைப் பள்ளத்தாக்குக்குள் விரட்டினார்கள். கார்பெட் கையில் மூன்றே தோட்டாக்கள். ஒன்றோ இரண்டோ சுட வாய்ப்புக் கிடைத்தால் பெரிது, மூன்றாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்துவிட்டன. புலி காயத்தோடு நிற்கிறது, சாகவில்லை.

வேறு வழியில்லாமல் மலையேறி ஓடி, தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். வந்த பிறகுதான் கவனித்தார்: அந்தத் துப்பாக்கியின் குழலுக்கும் பின்பக்க அடைப்புக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி. சுட்டால் பின்பக்கமே வெடித்து முகத்தைக் கிழிக்கலாம். இருந்தாலும் இருபது அடி தூரத்தில் நின்று புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில்தான் பட்டது. முதலில் பட்ட குண்டுகளே வேலையை முடித்திருந்ததால் புலி சரிந்தது.

அவருக்கு அப்போது வயது 31. முதல் ஆட்கொல்லி. சக்தி மட்டும் போதாது என்பதற்கு அந்த நாளைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. கனமான ரைஃபிள், கனமான தோட்டா, அதனால் பையில் மூன்றே மூன்று. எண்ணிக்கை குறைந்ததற்குக் கவனக்குறைவும் ஒரு காரணம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் இரட்டைக் குழலில் இரண்டு முறை சுட்டால் பிறகு திறந்து, மறுபடி நிரப்ப வேண்டும் என்ற சிக்கல் எப்போதும் உண்டு.

பரிசாக வந்த .275

அப்போதைய ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹீவெட், இந்தச் சாதனைக்காக கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் தயாரித்த .275. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக இது வழங்கப்பட்டது என்று கட்டையில் பதித்த சிறு வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பரிசாக வந்ததை ஏன் தேர்வு என்கிறோம்? சுவரில் மாட்டி வைத்திருக்கலாமே. அப்படிச் செய்யாமல் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தாரே, அதுதான் தேர்வு. பக்கத்திலேயே, இன்னும் சக்திவாய்ந்த ஒரு ஜெஃப்ரி .450/400 இரட்டைக் குழல் ரைஃபிளும் அவரிடம் இருந்தது.

சிம்பிளாகச் சொன்னால் இந்த எண்கள் என்ன? .275 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம். 7 மில்லிமீட்டர். உண்மையில் இது ஜெர்மனியின் பால் மவுசர் 1892-ல் வடிவமைத்த 7×57 மி.மீ. ராணுவத் தோட்டாதான். தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் (1899-1902) போயர்கள் இந்தத் தோட்டாவால் ஆங்கிலேயரைத் தூரத்திலிருந்தே அடித்து நொறுக்கினார்கள். எதிரியின் தோட்டா நல்லா இருக்கே என்று பார்த்த ஆங்கிலேயர், ஜெர்மன் பெயரை எடுத்துவிட்டு .275 ரிக்பி என்று விற்கத் தொடங்கினார்கள். இன்றைய மொழியில், ரீபிராண்டிங்.

அதன் குண்டு சிறியது. 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். ஆனால் வேகம் விநாடிக்குச் சுமார் 840 மீட்டர். கணக்குப் போட்டால் 3,000 ஜூலுக்குச் சற்று மேல் ஆற்றல் வரும். இன்றைய 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா 500 ஜூல் பக்கம்தான் தரும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது சாதாரண விஷயம் இல்லை. குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் உடம்பில் ஆழமாக இறங்கும். தூரம் போனாலும் அதிகம் தாழாது.

ஜெஃப்ரி .450/400-ன் குண்டு 400 கிரெய்ன், 26 கிராம். வேகம் குறைவு. ஆனால் ஆற்றல் 5,500 ஜூல். பாய்ந்து வரும் புலியை அந்த இடத்திலேயே நிறுத்தும் வேலைக்கு இதுதான் பொருத்தம்.

அப்படியானால் ஏன் எப்போதும் ஜெஃப்ரியையே எடுத்துப் போகவில்லை? எடை. அந்த வகை இரட்டைக் குழல் ரைஃபிள்கள் ஐந்து கிலோ பக்கம் வரும். .275 ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆபீஸ் பையில் லேப்டாப் கூடவே இன்னொரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆறாயிரம் அடி உயரத்தில் மலையேறிப் பாருங்கள். அதுவும் முதுகில் அல்ல, கையில். எந்த நொடியிலும் தூக்கிக் குறிபார்க்கத் தயாராக. கார்பெட் யானைமேல் உட்கார்ந்து வேட்டையாடிய ஜமீன்தார் ரகம் இல்லை. ரப்பர் அடி வைத்த ஷூவோடு, தனியாக, நடந்தே போவார். ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடப்பது அவருக்குப் புதிதல்ல. கை சோர்ந்துவிட்டால் எந்த ரைஃபிளும் வெறும் இரும்புக் கட்டைதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எடையைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? துப்பாக்கி பின்னால் உதைப்பதைத் தாங்குவது அதன் எடைதான். தோராயமாகக் கணக்கிட்டால் .275-ஐவிட, கனமாக இருந்தும்கூட .450/400-ன் உதை மூன்று மடங்கு அளவுக்கு இருக்கும். அதே தோட்டாவை மூன்றரைக் கிலோ ரைஃபிளில் போட்டுச் சுட்டால் நான்கு மடங்கு ஆகிவிடும். அப்படிச் சுடுபவர் இரண்டாவது முறை சுடும்போது தன்னை அறியாமல் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குறி தவறும். லேசான ரைஃபிளும் வேண்டும், பெரிய தோட்டாவும் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கார்பெட் அந்த இரண்டையும் ஒன்றில் திணிக்காமல், சக்தியில் எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தார். ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இதே .275-ஐ வைத்து நூற்றுக்கணக்கில் யானைகளையே வீழ்த்தினார். தந்தத்துக்காகச் செய்த அந்தக் கொலைகள் இன்று படிக்கச் சகிக்காது. ஆனால் சின்னக் குண்டு போகவேண்டிய இடத்துக்குப் போனால் போதும் என்பதை அவர் நிரூபித்துவிட்டார்.

நம் பக்கம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் இருந்துகொண்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் சுற்றியவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். லீவரை இழுத்துச் சுடும் அமெரிக்க ரைஃபிள். இரட்டைக் குழலைவிட லேசு, .275-ஐவிடப் பெரிய குண்டு. நடுவழி என்று சொல்லலாம்.

முக்கால் வட்டம்

சரி, ஓடைக்குத் திரும்புவோம்.

அந்தப் புலியோடு கார்பெட்டுக்கு ஒரு வருடக் கணக்கு பாக்கி இருந்தது. அது வளர்ந்த குட்டியோடு சேர்ந்துதான் வேட்டையாடியது. 1929 ஏப்ரலில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோது, நிறம் வெளிறியிருந்ததுதான் கிழப்புலி என்று நினைத்துச் சுட்டார். செத்தது குட்டி. தாய் தப்பித்தது. அதற்குப் பிறகும் மனிதர்கள் செத்தார்கள். அந்தத் தவறு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அதே புலி எட்டு அடியில். அவர் உடம்பை அசைக்கவில்லை. புலியின் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்கவில்லை. வலது கையை மட்டும், அசைவே தெரியாத வேகத்தில், நெஞ்சுக்குக் குறுக்காக நகர்த்தத் தொடங்கினார். ரைஃபிளின் கட்டை இடுப்பைக் கடந்தது. கை முழுதாக நீண்டுவிட்டது. கையின் நீளம் முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. நீட்டிய ஒற்றைக் கையின் முனையில் அந்த மூன்றரைக் கிலோவைப் பிடித்துக்கொண்டு, நடுங்காமல், மெதுவாகச் சுற்றினார். அதற்குள் கை சோர ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. குழலின் வாய் புலியின் உடம்புக்கு நேராக வந்த கணத்தில் விசையை அழுத்தினார்.

ஐந்து கிலோ இரட்டைக் குழலை இப்படிச் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள், வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கையால் நீட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். பத்து விநாடி தாங்குவதே கஷ்டம்.

குண்டு முதுகெலும்பையும் இதயத்தின் மேல்பகுதியையும் தாக்கியது. புலி பாயவில்லை. தலை மெல்ல முன்னங்கால்கள்மேல் சாய்ந்தது. இடது கையில் இருந்த முட்டைகள் உடையவில்லை.

பிறகு இந்த நிகழ்வை அவர் எழுதும்போது, தான் பிழைத்ததற்கு மூன்று காரணங்களைச் சொன்னார். முட்டைகள், லேசான ரைஃபிள், புலி ஆட்கொல்லியாக இருந்தது. முட்டை எப்படிக் காப்பாற்றும்? கையில் முட்டை இல்லாமல் இருந்திருந்தால், இரண்டு கையாலும் ரைஃபிளைப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பியிருப்பார். அந்த அசைவே புலியைப் பாய வைத்திருக்கும். ரைஃபிள் லேசாக இல்லையென்றால் ஒற்றைக் கையால் சுற்றவோ, கை நீட்டிய நிலையில் சுடவோ முடிந்திருக்காது. சாதாரணப் புலியாக இருந்திருந்தால் அவரைப் பார்த்ததுமே ஓடியிருக்கும்.

ஆட்கொல்லியின் பற்கள் தேய்ந்து, நகங்கள் உடைந்து போயிருந்தன. வயதானதால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாத நிலை. திரும்பி வரும் வழியில் கார்பெட் முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பறவை வந்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

லேசானதே எப்போதும் சரியா?

இல்லை. இதையும் கார்பெட்டின் வாழ்க்கையிலிருந்தே பார்க்கலாம்.

ருத்ரபிரயாக் சிறுத்தைக்கு .275 போதுமானதாக இருந்தது. 1918 முதல் 1926 வரை, பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தை அது. பொறி, விஷம், பாலத்துக்கு மேலே கோபுரத்தில் இருபது இரவு காவல், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கோலாப்ராய் என்ற இடத்தில், ரைஃபிளில் டார்ச் லைட்டைப் பொருத்திக்கொண்டு மாமரத்தில் இரவிரவாக உட்கார்ந்தார். 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இருட்டு ராத்திரி. கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி திடீரென்று ஒலித்தது. டார்ச்சை அழுத்தினார், வெளிச்சம் நேராகச் சிறுத்தையின் தோளில் விழுந்தது, சுட்டார், டார்ச் அணைந்துவிட்டது. அவ்வளவுதான் நேரம். சிறுத்தை புலியைவிடப் பல மடங்கு எடை குறைந்தது. அதற்கு 9 கிராம் குண்டு தாராளம்.

தாக் புலி விஷயம் வேறு. 1938 நவம்பர் 30. கார்பெட்டுக்கு வயது 63. அன்றோடு ஆட்கொல்லி வேட்டையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலைப் பதிக்கச் சரியான இடமில்லாத பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டு, ஆண் புலி போலக் குரல் கொடுத்துப் பெண் புலியை வரவழைத்தார். வந்துவிட்டது, மிக அருகில். இருட்டப் போகிறது, கூட வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். காயத்தோடு தப்பவிட்டால் அவர்களில் யாராவது சாவார்கள். அங்கே அவர் கையில் இருந்தது .450/400. இரண்டு குழலையும் அடுத்தடுத்துச் சுட்டார். புலி விழுந்தது. உதையில் கார்பெட்டும் பாறையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, கீழே இருந்தவர்கள்மேல் போய் விழுந்தார்.

காலா ஆகரில் ஜெஃப்ரி இருந்திருந்தால் செத்திருப்பார். தாக்கில் .275 இருந்திருந்தால்? சொல்ல முடியாது. போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் அந்த ஒரு விநாடி அங்கே கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். தேடி அலையும் நாளுக்கு ஒன்று, இடத்தைத் தீர்மானித்துக் காத்திருக்கும் நாளுக்கு இன்னொன்று என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

தாக் நாளுக்கு முன்பே அவர் மனம் மாறத் தொடங்கிவிட்டது. 1920-களின் கடைசியில் 16 மி.மீ. சினிமா கேமரா கையில் வந்தது. புலியைப் படம் பிடிப்பது, சுடுவதைவிடக் கடினமான வேலை என்பதைக் கண்டுபிடித்தார். காடு அழிவதையும் புலி குறைவதையும் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி பெயரில் உருவானதில் அவர் பங்கும் இருந்தது. அதே ஆண்டுகளில் வைஸ்ராய் லின்லித்கோவுக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவரும் இவரேதான். முரண்பாடுதான், சந்தேகமில்லை. அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

முதல் உலகப் போரில் 500 குமாவூன் ஆட்களோடு பிரான்ஸ் போனார். இரண்டாம் உலகப் போரில், அறுபத்தெட்டு வயதில், பர்மா காட்டுச் சண்டைக்குப் போகும் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். 1944-ல் வெளியான குமாவூன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் அவரை உலகம் முழுவதும் கொண்டுபோனது. 1947 இறுதியில் அக்கா மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19-ல் அங்கே நியேரியில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹெய்லி பூங்காவுக்கு அதன்பிறகுதான் அவர் பெயர் வைத்தார்கள்.

இன்று இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆட்கொல்லி என்று சந்தேகம் வந்தால்கூட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துபூர்வமாக உத்தரவு போட வேண்டும். பெரும்பாலும் முதலில் எடுப்பது மயக்க ஊசித் துப்பாக்கி. ஆகவே எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று கூகுளில் தேடி இங்கே வந்தவர்களுக்கு, மன்னிக்கவும்.

அந்த இரண்டு ரைஃபிள்களும் இன்னும் இருக்கின்றன. ஜெஃப்ரி .450/400 பல கை மாறி அமெரிக்காவுக்குப் போய், துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்திடம் இருந்தது. 2015-ல் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. .275 ரிக்பி, கார்பெட்டின் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் போய்ச் சேர்ந்து, நெடுங்காலம் அவர்கள் வசம் இருந்தது. பிறகு அதைச் செய்த ரிக்பி நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2016-ல் அதை இந்தியாவுக்கு எடுத்துவந்து, குமாவூன் மலை மக்கள் பார்க்கும்படி கொஞ்ச நாள் வைத்தார்கள். கட்டையில் அந்த வெள்ளித் தகடு அப்படியே இருக்கிறது.